வால் அடியில் வெள்ளை

ஜனவரி, ஞாயிறு

அது கரும்பருந்து இல்லை, பூனைப்பருந்து என்று இன்று அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

குளிர்காலத்துக்கு வரும் பருந்துகளை அடையாளம் காண நாங்கள் இருவரும் சேர்ந்துதான் பழகுகிறோம். கெலமங்கலம் பக்கம் ஒரு கொள்ளுக் காட்டின் மேல் அது தாழப் பறந்து திரும்பியது. வால் அடியில் வெள்ளைப் பட்டை எனக்கு வெறும் கண்ணிலேயே தெரிந்தது. அம்மா பைனாகுலரில் பார்த்தாள். புதுக் கண்ணாடியும் போட்டிருந்தாள்.

"வாலு பொளந்திருக்குது பாரு பாப்பா, கரும்பருந்துதான்."

பூனைப்பருந்துக்கு அந்தப் பட்டைதான் அடையாளம் என்று போன வருடம் எனக்குக் காட்டியதே அவள்தான். "ஆமாம்மா" என்றேன்.

திரும்பும்போது டவுன் பஸ் என்று நினைத்து ஒரு கம்பெனி பஸ்ஸுக்குக் கை காட்டினாள். "ஞாயித்துக்கெழமயும் வேலைக்கி போவச் சொல்லுது இந்தக் கை" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஓசூர்த் தொழிற்சாலையில் அம்மாவுக்கு கான்ட்ராக்டில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. வார்ப்புகளில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். நாளை அங்கே கண் பரிசோதனை. தேறாத கான்ட்ராக்ட் ஆட்களை நிறுத்திவிடுவார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கண்ணு டாக்டரு செவுத்துல மாட்டுவாங்களே எழுத்து அட்டை, அது போன்ல வருமா?"

எடுத்தேன்.

"மேல இருந்து படி."

படித்தேன். அம்மா கண்களை மூடிக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் திருப்பிச் சொன்னாள். கடைசி வரியும் மனப்பாடமான பிறகு தூங்கப் போனாள்.