மேஜை இழுப்பறையில் பத்து வாரம்

மார்ச் 4

மருமகளுக்கு,

உன்னை நான் வீட்டை விட்டுத் துரத்தியதாக உன் சித்தி சொல்லித் திரிகிறாராம். தவறு. "போகிறவர்கள் கதவைச் சாத்திவிட்டுப் போகலாம்" என்றுதான் சொன்னேன். நீ சாத்தவில்லை.

பகல் பதினொரு மணிவரை தூங்குகிறவளைச் சோம்பேறி என்றதை மறுக்கவில்லை. அதற்கு வேறு வார்த்தை எனக்குத் தெரியாது.

போன வாரம் உன் பெயருக்கு ஒரு தபால் வந்தது. பிறர் கடிதத்தைப் பிரிப்பது திருட்டு என்று கான்வென்ட் சிஸ்டர்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பிரிக்கவில்லை. மேஜை இழுப்பறையில் இருக்கிறது. என் மகன் கப்பலிலிருந்து திரும்புவதற்குள் வந்து எடுத்துக்கொள்.

அத்தை

மார்ச் 10

அன்புள்ள அத்தை,

கதவைச் சாத்தாதது தப்புதான். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்கினேன்.

அந்தத் தபாலைப் பிரியுங்கள். நானே சொல்கிறேன், திருட்டாகாது. எனக்குத் தைராய்டு சுரப்பு குறைவோ என்று சந்தேகம். முடி கொத்தாகக் கொட்டியது. பாதிச் சாப்பாட்டிலேயே எடை ஏறியது. எவ்வளவு தூங்கினாலும் அசதி தீரவில்லை. உங்களிடம் சொன்னால் "சாக்கு" என்பீர்கள். அதனால் வீட்டிலேயே விரலில் குத்தி ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பும் பெட்டி வாங்கினேன். முடிவு வரவே இல்லை. ரத்தம் போதவில்லை போல என்று விட்டுவிட்டேன். இப்போது சித்தி வீட்டு மாடி ஏற நடுவில் உட்கார வேண்டியிருக்கிறது.

வாங்கியது இரண்டு பெட்டி. மாவு டப்பாவுக்குப் பின்னால் இருப்பது உங்களுக்கு. வெயிலிலும் ஸ்வெட்டர் போடுகிறீர்கள், காலையில் இமை வீங்கியிருக்கிறது, குரல் கட்டிக்கொண்டே கிடக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் மருமகள்

மார்ச் 13

அன்புள்ள மருமகளுக்கு,

பிரித்தேன். இதனுடன் பதிவுத் தபாலில் வருகிறது. டிஎஸ்எச் நாற்பத்தொன்று. நாலைத் தாண்டக் கூடாதாம்; தைராய்டு சுரப்பு குறைந்தால் இந்த எண் ஏறுமாம். 'உடனே மருத்துவரைப் பாருங்கள்' என்று சிவப்பில் போட்டிருக்கிறது. உன் சித்தியிடம் ஃபோனில் சொல்லிவிட்டேன். நீ பேச வரவில்லை. நாளைக்கே போ.

தாளில் உள்ள தேதியைப் பார்ப்பாய். டிசம்பர் 20. 'போன வாரம் வந்தது' என்று நான் எழுதியது பொய். நீ போன சில நாளிலேயே வந்துவிட்டது. வேண்டுமென்றால் வந்து கேட்கட்டும் என்று பத்து வாரம் பூட்டி வைத்திருந்தேன். பிரிக்கவில்லை என்று பெருமையாக எழுதினேனே தவிர, அனுப்பவில்லை என்று எழுதவில்லை.

உன் அத்தை

ஏப்ரல் 8

என் அன்புள்ள மருமகளுக்கு,

நீ வைத்துப்போன பெட்டியைப் பிரித்து, கையை வெந்நீரில் வைத்துவிட்டுக் குத்தினேன். மூன்றாவது விரல்தான் ரத்தம் கொடுத்தது. எனக்கும் அந்த எண் அதிகம். டாக்டர் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்து உறுதி செய்தார். காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை.

"பகல்ல தூங்குறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லை, கண்ணை மூடிக்கொண்டிருப்பேன்."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க."

நீ இருந்தவரை நாற்காலியில் கண்ணை மூடி எழும்போதெல்லாம் என் மேல் போர்வை இருக்கும். நானே போட்டுக்கொண்டேன் என்று நினைத்திருந்தேன். இப்போது எழுந்தால் கால் சில்லிட்டிருக்கிறது.

"நல்லா இருக்கா" என்று மட்டும் சொல்லி உன் சித்தி ஃபோனை வைத்துவிடுகிறார். எனக்கு அது போதாது. டாக்டரைப் பார்த்தாயா? மாத்திரை ஆரம்பித்தாயா? நடுவில் உட்காராமல் மாடி ஏறுகிறாயா? என்னை மன்னிப்பது பற்றி எதுவும் எழுத வேண்டாம். இதற்கு மட்டும் உன் கைப்பட பதில் எழுது.

உன் அத்தை