ஜூலையில் வந்தவர்கள்

மூணாறு,
19 நவம்பர் 2023, ஞாயிறு

அன்பு மகள் ஜோமோளுக்கு அப்பா கபிரியேல் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளை ரோஷனும், உன் வயிற்றில் வளர்கிற பிள்ளையும், உன் மாமா அத்தையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று அம்மா தினம் செபமாலை முடிக்கும்போது ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி வேண்டிக்கொள்கிறாள். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனாலும் மேட்டுக் காட்டில் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போட்டால் சாயங்காலம் முனகிக்கொண்டுதான் வருகிறாள். தம்பி ஜினோ எர்ணாகுளத்தில் அதே ஏசி கம்பெனியில்தான் இருக்கிறான், மாதம் ஒரு தடவை வந்து போகிறான். மழை நின்று காலையில் பனி இறங்க ஆரம்பித்துவிட்டது, டாப் ஸ்டேஷன் ரோட்டில் டூரிஸ்ட் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, என் ஜீப்புக்கும் தினம் இரண்டு ஓட்டம் கிடைக்கிறது. போனில் பேசுகிற அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் மூன்று தடவை இதை ஆரம்பித்தேன், மூன்று தடவையும் டவர் போய்விட்டது என்று சொல்லிக் கட் பண்ணினேன். டவர் நன்றாகத்தான் இருந்தது.

போன மாதம் நீ அந்தமானிலிருந்து கேட்டாய், தீவுக்கு எந்த மாதம் வருகிறீர்கள், இந்தத் தடவையாவது முடிவாகச் சொல்லுங்கள் என்று. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கடல் அடங்கிக் கிடக்கும், பிப்ரவரியில் வந்தால் படகில் உட்கார்ந்தபடியே தண்ணீருக்கு அடியில் மீனைப் பார்க்கலாம், மே மாதம் பாதிக்கு மேல் மழை இறங்கிவிடும், அப்புறம் செப்டம்பர் வரை காற்றும் அலையும்தான், சின்னத் தீவுகளுக்குப் போகிற படகுகளைப் பல நாள் நிறுத்திவிடுவார்கள், அக்டோபர் நவம்பரில் புயல் வந்தாலும் வரும் என்று நீ நிறுத்தி நிறுத்திச் சொன்னதையெல்லாம் டிரிப் ஷீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். அப்பா ஆசையாக எழுதிக்கொள்கிறார் என்று நீ நினைத்திருப்பாய். நான் ஒவ்வொரு மாதத்திலும் ஓட்டை தேடிக்கொண்டிருந்தேன். ஜனவரியில் சீசன் ஓட்டம், பிப்ரவரியில் தவக்காலம் ஆரம்பம், ஏப்ரலில் ஸ்கூல் லீவு, மே மாதம் மழை. பதினான்கு வருடமாக எனக்கு இதுதானே பிழைப்பு. எந்த மாதம் வரலாம் என்று சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் போன் பண்ணிக் கேட்கிறவர்களுக்கு, செப்டம்பருக்குப் பிறகு வாருங்கள், ஜூன் ஜூலையில் ரோடு இடியும், பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியாது என்று சொல்கிறேன். ரூம் காலியாகக் கிடக்கிற லாட்ஜ்காரர் பக்கத்தில் நின்றால், மழையில்தான் மூணாறு அழகு என்றும் சொல்லியிருக்கிறேன். வானத்தைக் காட்டி ஒருவரை வரவைக்கவும் முடியும், வராமல் தடுக்கவும் முடியும் என்று தெரிந்தவன், அதை உன்னிடமே செய்தேன். உன் கல்யாணத்தின்போது கொரோனாவுக்காக எல்லாவற்றையும் பூட்டியிருந்தார்கள், போக முடியவில்லையே என்று அம்மா அழுதாள், நான் உள்ளுக்குள் நிம்மதிப்பட்டேன். அப்புறம் நீயும் ரோஷனும் இங்கே வருகிறோம் என்றபோது ஜூனில் மழை என்றேன், டிசம்பரில் நெரிசல் என்றேன், ஏப்ரலில் கூரை மாற்றுகிறோம் என்றேன். கூரை இன்னும் அதே கூரைதான்.

காரணம் மழையும் இல்லை, சீசனும் இல்லை. ரோஷன் வீட்டாருடைய போட்டோவை நீ முதன்முதலில் அனுப்பியபோது, நம் எஸ்டேட் வரிசை வீடுகளில், கீழ் லயத்தில் ஜார்க்கண்டிலிருந்து வந்து கொழுந்து எடுக்கிறார்களே, அவர்கள் முகம்தான் எனக்குத் தெரிந்தது. ரோஷனின் தாத்தாவை ராஞ்சிப் பக்கத்திலிருந்து மரம் வெட்டுவதற்காகக் கப்பலில் தீவுக்குக் கொண்டுபோனார்கள் என்று நீ பெருமையாகச் சொன்னாய். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. கீழ் லயத்து ஆட்களை இங்கே நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஹிந்திக்காரன் என்போம், பைப்பில் தண்ணீர் பிடிக்கக் கடைசியில் நிற்கவைப்போம், ஜீப்புக்கு வந்தால் பின்னால் ஏறு என்போம். அதில் நானும் உண்டு. அந்த முகமுள்ளவர்கள் என் சம்பந்தி என்று தெரிந்தால் லயத்தில் என்ன பேசுவார்களோ என்று பயந்தேன். நம் கோவில் பூசையில் சாமியார் உன் கல்யாண ஓலை வாசித்தபோது கொரோனாவால் பெஞ்சில் ஆளே இல்லாத காலம், அதனால் மாப்பிள்ளையின் பெயர்கூட யாருக்கும் தெரியாமல் போனது. கேட்டவர்களிடம் போர்ட் பிளேர் துறைமுகத்தில் எஞ்சின் மெக்கானிக் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன். போட்டோ கேட்டால் போன் மாற்றும்போது அழிந்துவிட்டது என்றேன். என் தாத்தாவும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து தேயிலை நட இந்த மலைக்குக் கூட்டிவரப்பட்டவர்தான். மூணாறு ஸ்கூலில் மலையாளப் பிள்ளைகள் என்னைப் பாண்டி என்று கேலியாகக் கூப்பிட்டதற்கு நான் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன். இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் அப்படி இருந்தேன்.

இனி ஜூலையில் நடந்ததைச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்தது வேறு. ரோஷனின் அப்பா, உன் மாமா சில்வெஸ்டர், நெஞ்சுக்கு ஸ்டென்ட் வைத்ததை டாக்டரிடம் காட்ட அத்தையோடு வேலூர் வந்திருந்தபோது, திரும்பிக் கப்பல் ஏற இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, அதற்குள் உங்களைப் பார்க்க வருகிறார்கள் என்று நீ சொன்னாய். ஜூலை வேண்டாம், டிசம்பரில் வரச்சொல் என்றேன். அதற்குள் அவர்கள் ரயில் ஏறியாகிவிட்டது. அம்மா லீவு போட்டுவிட்டுக் கோழிக் குழம்பு வைத்தாள், கம்பளியை அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைத்தாள். நான் மூணாறு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். நல்ல மழை. ஆலுவா பஸ்ஸிலிருந்து இரண்டு பேரும் இறங்கினார்கள். உன் அத்தை பிபியானா ஒரு பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, என்னைப் பார்த்ததும் கும்பிட்டுச் சிரித்தார்கள். நான் ஜீப்பின் முன்கதவைத் திறக்கவில்லை, பின்பக்கப் படுதாவைத் தூக்கிவிட்டேன். உன் மாமா கம்பியைப் பிடித்து இரண்டு தடவை முயற்சி பண்ணித்தான் ஏறினார். முன் சீட் காலியாக இருந்தது.

எஸ்டேட் ரோடு பிரிகிற முக்கில் டீக்கடை வைத்திருக்கிற சூசையப்பன் கை காட்டி நிறுத்தினார். படுதாவை விலக்கிப் பார்த்துவிட்டு, “என்னடே கபிரியேலு, கீழ் லயத்துக்குப் புது ஆளா? இந்த மழையிலயா ஏத்திட்டு வர்ற?” என்று கேட்டார். கடையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். இல்லை, என் சம்பந்தி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். நான் “ஆமா” என்றேன். அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு அவர்களை நம் வீட்டு வாசலில் எப்படி இறக்குவது, கடையிலிருந்து பார்த்தால் நம் வீடு தெரியுமே. அதனால் சூசையப்பனிடம், இவர்களுடைய வேலைப் பேப்பர் டவுன் ஆபீசில் இருக்கிறது, வாங்கிக்கொண்டு வர வேண்டும் என்று இன்னொரு பொய் சொன்னேன். உன் அத்தை அதற்குள் தலையை வெளியே நீட்டி, கொய்யா மரமும் நீலத் தண்ணீர்த் தொட்டியும் இருக்கிற நம் வீட்டைப் பார்த்துக் கைகாட்டினார்கள். நீ சொல்லித்தான் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். நான் வண்டியைத் திருப்பிக்கொண்டே அரைகுறை ஹிந்தியில், மேலே மண் சரிந்துவிட்டது, ரோடு இல்லை என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, அதே ரோட்டில் கொழுந்து மூட்டை ஏற்றிய டிராக்டர் இறங்கி வந்து எங்களைத் தாண்டிப் போனது. இரண்டு பேரும் டிராக்டரைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். மூணாறில் ஒரு லாட்ஜில் தங்கவைத்தேன். அம்மாவிடம், வருகிற வழியில் அடிமாலியிலேயே ரோடு அடைத்துவிட்டார்கள், அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள் என்றேன். அவள் குழம்பைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் பஸ் ஏற்றிவிடப் போனேன். உன் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தை ஒரு பையைக் கொடுத்தார்கள், அம்மாவுக்கென்று கையால் பூ வேலை செய்த இரண்டு தலையணை உறை. அப்புறம் தமிழில், நிறுத்தி நிறுத்தி, ஆனால் தெளிவாகப் பேசினார்கள். “அண்ணா, கடையில கேட்டது எனக்குப் புரிஞ்சுது. ரெண்டு வருசமா ஜோமோள் தமிழ் சொல்லித் தர்றா. உங்க கூடப் பேசணும்னுதான் கத்துக்கிட்டேன். வேலைக்கு வந்தவங்கன்னு சொன்னது தப்பு இல்ல, எங்க மாமனாரும் வேலைக்குத்தான் தீவுக்கு வந்தாரு. ஆனா வீடு பக்கத்துல இருந்துச்சு அண்ணா. நான் பாத்தேன். ஜோமோள்கிட்ட சொல்ல மாட்டோம்.” பஸ் போன பிறகும் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த உறைகளை டூல்ஸ் பெட்டிக்குள் ஒளித்துவைத்தேன். இரண்டு நாள் கழித்து நீ போன் பண்ணி, மழையால் வீட்டுக்கு வர முடியவில்லையாம், ஆனால் அப்பா நன்றாகப் பார்த்துக்கொண்டார் என்று அத்தை சொல்கிறார்கள் என்றாய். எனக்காக அவர்கள் உன்னிடம் பொய் சொல்லும்படி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு உன் போன் வந்தால் பெரும்பாலும் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவேன், நீ கவனித்திருப்பாய்.

போன மாதம் நீ பிள்ளை உண்டாகியிருப்பதைச் சொன்ன அன்று, மூணாறு லாட்ஜில் கொடுத்த கம்பளியின் கனத்தைப் பற்றி அத்தை இன்னும் பேசுகிறார்கள் என்று சிரித்தாய். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள், அவர்கள் அடிமாலியோடு திரும்பிவிட்டதாகத்தானே அவளிடம் சொல்லியிருந்தேன். உன்னிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் பேசி முடித்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். “அவங்க நனைஞ்சுக்கிட்டு முக்கு வரைக்கும் வந்திருக்காங்க. நான் இலையக் கழுவி வச்சுட்டு வாசலப் பாத்துட்டு இருந்திருக்கேன். மண்ணு சரிஞ்சது ரோட்டுல இல்ல” என்று மட்டும் சொன்னாள். பெட்டியிலிருந்து உறைகளை எடுத்துத் துவைத்தாள். ஒன்றில் கிரீஸ் கறை போகவில்லை. அதைத்தான் என் தலையணைக்குப் போட்டிருக்கிறாள்.

ஒன்பது நாள் அவள் என்னோடு பேசவில்லை. பத்தாம் நாள் காலையில் சூசையப்பன் கடைக்குப் போனேன். ஆட்கள் இருக்கும்போதே, ஜூலையில் என் ஜீப்பில் வந்தவர்கள் வேலைக்கு வந்தவர்கள் இல்லை, ஜோமோளின் மாமனார் மாமியார், நான்தான் மறைத்தேன் என்று சொன்னேன். ஒருவன் சிரித்தான். சூசையப்பன் சிரிக்கவில்லை, டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, “அப்ப ஏன்டே அன்னைக்கு ஆமான்ன?” என்று கேட்டார். இரண்டு மூன்று நாள் லயத்தில் அதுதான் பேச்சு. கோவிலில் ஒரு அம்மா, உங்க மாப்பிள்ளை ஹிந்திக்காரரா என்று உன் அம்மாவிடம் கேட்டாளாம், ஆமாம், நல்ல பிள்ளை என்று அம்மா சொல்லிவிட்டு வந்தாள். அவ்வளவுதான். இதற்குத்தான் இரண்டு வருடம் பயந்தேன். போன வாரம் கீழ் லயத்துப் பெண் ஒருத்தி கைப்பிள்ளையோடு ரோட்டில் நின்றாள், வண்டியை நிறுத்தி முன்கதவைத் திறந்துவிட்டேன். அவள் தயங்கி நின்றுவிட்டு, பின்னாலேயே போய் ஏறிக்கொண்டாள். அப்படிப் பழக்கிவைத்தது நாங்கள்தான். எனக்கு அன்று முழுக்க மனசு சரியில்லை.

இப்போது மாதத்தைப் பற்றி. தலைப்பிரசவத்துக்கு உன்னை இங்கே கூட்டிவர வேண்டிய தகப்பன், அதைக்கூடக் கேட்காமல் இருந்துவிட்டேன். அம்மாதான், இனி உன்னை அலைக்கழிக்க வேண்டாம், மே கடைசியில் உனக்கு நாள் என்பதால் மே முதல் வாரமே வந்துவிடுவேன், மழை ஆரம்பித்தாலும் பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகும்வரை அங்கேதான் இருப்பேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். ஜினோ கூட வந்து அவளை விட்டுவிட்டுத் திரும்புவான். பிப்ரவரியில் மீன் பார்க்கிற ஆசை அவளுக்கு இல்லையாம். என் விஷயத்தில் மாதத்தை நான் தேர்ந்தெடுக்கிறதாக இல்லை. உன் மாமாவும் அத்தையும் எந்த மாதம் வா என்கிறார்களோ அந்த மாதம் வருகிறேன், கடல் எப்படி இருந்தாலும் சரி. அவர்கள் வர வேண்டாம் என்று சொன்னால், என் மனசு நோகும் என்று அதை மறைக்காதே, அவர்கள் சொன்னபடியே எழுது. இதைப் படித்த பிறகு உனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்காமல் போனாலும் நியாயம்தான்.

ஆண்டவர் உன்னையும் பிள்ளையையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. ரோஷனுக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல், இதுவரை அந்தப் பிள்ளையிடம் நான் மனம் திறந்து பேசியதில்லை என்பதையும் சொல். இரும்புச்சத்து மாத்திரையை விடாதே, ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி போடாதபடி நர்சிங் சூப்பிரண்டிடம் கேள், ஈரத் தரையில் பார்த்து நட. ஒன்றே ஒன்று மறக்காமல் செய்ய வேண்டும். இந்தக் கடிதத்தை உன் அத்தையை உட்காரவைத்து முழுவதும் தமிழிலேயே வாசித்துக் காட்டு, மாமாவுக்கு அவர்கள் சொல்லட்டும். கடையில் நான் ஆமா என்று சொன்ன இடம் வரும்போது உனக்கு வாசிக்கக் கஷ்டமாக இருக்கும். அதை விட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
கபிரியேல்