பதினோராவது கேள்வி

உமது முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, ஹொல்ஸ்டெப்ரோ தேவாலயத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் சாப்பாட்டுக்கு இருந்தோம். ஒரு பிள்ளை சொதிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டது. உடனே ஒரு பெண் வாளியும் துணியுமாக வந்து, இந்த டெனிஷ் நாட்டுக்காரர் நிலம் துடைக்கிற அந்த மண்ணிறச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்தார். மணம் மூக்கில் ஏறியதும் நான் சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். உமது மனைவி பின்னாலேயே வந்து, "என்ன, சாப்பாடு சரியில்லையோ?" என்று கேட்டார். "உறைப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றேன். அது பொய். எனக்கு அந்த மணம் மறியலின் மணம். நீர் பூட்டப்பட்டுக் கிடந்த மறியல்.

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். உங்கள் சமயத்தில் பாவசங்கீர்த்தனம் என்று ஒன்று இருக்கிறது. முழங்காலில் நின்று சொல்லிவிட்டு எழும்பிப் போகலாம். சைவக்காரனான எனக்கு அந்த வசதி இல்லை. அதனால் உமக்கே எழுதுகிறேன். கடைசிவரை நாங்கள் இருவரும் 'நீர்'தான். 'நீ' என்று கிட்ட வரவும் இல்லை, 'நீங்கள்' என்று தள்ளிப் போகவும் இல்லை. ஏன் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் உமக்கு இரண்டு வருடம் முந்தி வந்தவன். அந்த இரண்டு வருடத்து டெனிஷ்தான் என்னுடைய கல்வித் தகைமை. பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் நின்றுகொண்டிருந்த என்னிடம் மேற்பார்வையாளர் வந்து, பொலிஸ் ரெலிபோனில் நிற்கிறது என்றார். கத்தியைக் கழுவாமலே கீழே வைத்துவிட்டுப் போனேன். பொலிஸ் என்றாலே ஒளிக்கிற பழக்கத்தோடுதானே நாங்கள் எல்லோரும் வந்தோம். கள்ளப் பாஸ்போட்டில் வந்த ஒரு தமிழன் மறியலில் இருக்கிறான், மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றார்கள். எனக்கு முதலில் அதுவும் நம்பிக்கை இல்லை. மொழிபெயர்க்க என்று கூப்பிட்டு என்னையே பிடித்து வைக்கப் போகிறார்களோ என்று நினைத்தேன்.

நீர் கட்டிலின் ஓரத்தில் இருந்தீர். என்னுடைய சப்பாத்தைப் பார்த்தீர், பிறகு முகத்தைப் பார்த்தீர்.

"உம்மை ஆர் அனுப்பினது?"

"பொலிஸ்தான் கூப்பிட்டது."

"அது தெரியுது. அதுக்கு மேல ஆர்?"

நீர் என்னை எங்கள் நாட்டு அரசாங்கத்தின் தூதரகத்து ஆள் என்று நினைத்தீர். நான் உம்மை ஏதோ ஓர் இயக்கத்தில் இருந்துவிட்டு, இங்கே வந்து மன்னார் மீனவன் என்று கதைவிடுகிற ஆள் என்று நினைத்தேன். எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்ற காவலாளி பௌல் என்ன நினைத்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. நரைத்த மீசை, சட்டைப் பையில் புகைக்கிற சுங்கான், கையில் ஒரு படிவம். புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் அதில் இருந்தன. ஆஸ்துமா உண்டா, மருந்து எடுக்கிறீரா, மாட்டிறைச்சி சாப்பிடுவீரா என்று பத்துக் கேள்விகள் ஒழுங்காகப் போயின. பதினோராவதைப் பௌல் மற்றவற்றைவிட மெதுவாக வாசித்தார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உமக்கு உண்டா?

அன்று வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமையில் சாவுக் கதை கதைக்கக்கூடாது என்று வளர்ந்தவன் நான். முன்பின் தெரியாத மனிதனைப் பார்த்து, கண்ட முதல் அரைமணித்தியாலத்துக்குள், சாகப் போகிறீரோ என்று கேட்பதா? எங்கள் ஊரில் அது கேள்வி இல்லை, சாபம். அதைவிட, நீரோ என்னை ஏற்கெனவே உளவாளி என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர். அந்தச் சொல்லை வாயில் எடுத்தால் மிரட்டுகிறேன் என்று நினைப்பீர். நான் அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. "வேற ஒரு கரைச்சலும் இல்லைத்தானே?" என்று கேட்டேன்.

நீர் சிரித்தீர். "இதுக்கு மேலயும் கரைச்சல் வேணுமோ?" என்றீர்.

நான் பௌலைப் பார்த்து "நை" என்றேன். இல்லை என்று அவர் படிவத்தில் எழுதினார்.

வெளியே நடைக்கூடத்தில், ஒரு கைதி சவர்க்காரத் தண்ணீரால் நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்த இடத்தில், பௌல் என்னை நிறுத்தினார். "அவன் ஏன் சிரிச்சவன்?" என்று கேட்டார்.

"சும்மா. எங்கட ஆக்கள் அப்படித்தான்."

"இந்தக் கேள்விக்கு ஒருத்தனும் சிரிச்சு நான் காணேல்லை" என்றார்.

பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்பார்களே, மொழிபெயர்ப்பாளன் அந்த இனம்தான். நான் பூனையிடமும் உண்மையாக இல்லை, பாலிடமும் உண்மையாக இல்லை. பௌலுக்கு அது மூக்கில் அடித்துவிட்டது. படிவத்தில் 'இல்லை' என்று இருந்தும், கால்மணித்தியாலத்துக்கு ஒரு தடவை உம்மைப் பார்க்கச் சொல்லி எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

திங்கட்கிழமை பொலிஸ் விசாரணைக்கு நான் திரும்ப வந்தபோது உமது கண்கள் குழிவிழுந்து கிடந்தன. கதவில் ஒரு சின்ன ஓட்டை, அதற்கு ஒரு தகர மூடி. மூடி கிளம்பும், ஒரு கண் தெரியும், மூடி விழும்.

"உவங்களுக்கு நீர் என்ன சொன்னனீர்?" என்று என்னைக் கேட்டீர். "கால்மணித்தியாலத்துக்கு ஒருக்கா வந்து பாக்கிறாங்கள்."

"நான் ஒண்டும் சொல்லேல்லை."

"ஒண்டும் சொல்லாட்டி ஏன் பாக்கிறாங்கள்?"

இராணுவ முகாமில் அப்படி ஓட்டைக்குள்ளால் ஒரு கண் பார்த்தால் அடுத்தது யாரை வெளியே இழுப்பது என்று அர்த்தம் என்பதை, அதற்குப் பல வருடங்களுக்குப் பிறகுதான் எனக்குச் சொன்னீர். அன்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருப்பேனோ தெரியாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். உம்மைக் காப்பாற்ற வைத்த காவலே உம்மை இன்னும் ஒரு படி கீழே தள்ளிக்கொண்டிருந்தது. அதை உமக்கு விளங்கப்படுத்தக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நீர் அதைச் செய்யப் பார்த்தீர். எப்படி என்று நான் எழுதமாட்டேன். காவலாளிகள் கால்மணி பிசகாமல் வந்து போனார்கள். காலடிச் சத்தத்தை எண்ணிப் பழகிய உமக்கு அந்த ஒழுங்கு ஒரே நாளில் பிடிபட்டுவிட்டது. அன்று உமது பகுதி பௌலின் பொறுப்பில் இல்லை. நீர் தொடாமல் திருப்பி அனுப்பிய மத்தியானச் சாப்பாட்டைக் கண்டுவிட்டு, ஏன் என்று கேட்க, நேரமில்லாத நேரத்தில் வந்திருக்கிறார். கேட்பதற்கு அவருக்குத் தமிழ் தெரியாது, உமக்கு டெனிஷ் தெரியாது. ஆனாலும் வந்தார். அதனால்தான் நீர் பிழைத்து, எனக்கு முப்பத்தொன்பது வருடச் சிநேகிதராகக் கிடைத்தீர்.

இரண்டு நாள் கழித்து ஒரு கூட்டம். மறியல் பொறுப்பதிகாரி, ஒரு வைத்தியர், பௌல், நான். பொறுப்பதிகாரி படிவத்தை மேசையில் வைத்து விரலால் தட்டினார்.

"பதினோராவது கேள்வி கேட்கப்பட்டதா?"

"நான் கேட்டேன்" என்றார் பௌல்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போது என் விசா வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற விசா. ஊரில் இரண்டு தங்கச்சிமார் என் கடிதத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் சாட்டு என்று இப்போது தெரிகிறது. அன்று அவை எனக்கு மலைபோல இருந்தன.

"கேட்டேன்" என்றேன்.

 கூட்டம் முடிந்ததும் பௌல் என்னைக் காவலாளிகளின் கோப்பி அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு வெற்றுத் தாளை முன்னால் வைத்தார். "அந்தக் கேள்விய உன்ர பாசையில எழுது. எழுதிப்போட்டு அதைத் திருப்பி எனக்கு டெனிஷில சொல்லு" என்றார். பொறியா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சுங்கானைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார்.

'தங்களுக்கு வாழ்க்கையில் விரக்தி ஏதும் உண்டா' என்று எழுதினேன். அதை டெனிஷில் சொன்னபோது, "வாழ்ந்து களைச்சுப்போனியோ எண்டு நான் கேக்கேல்லை" என்றார். 'விபரீத முடிவு ஏதும் எடுக்கும் எண்ணம் உண்டா' என்று எழுதினேன். "என்ன முடிவு? வீடு மாறுற முடிவோ?" என்றார். இப்படியே ஏழெட்டு வசனம் எழுதி வெட்டினேன். எங்கள் பாசையில் அந்த ஒன்றைச் சுற்றிப் போவதற்கு எத்தனை ஒழுங்கைகள் இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் கண்டேன். கடைசியில் பேனையை அழுத்தி எழுதினேன்: 'சாக வேணும் எண்டு யோசிக்கிறீரோ?'

டெனிஷில் சொன்னேன். பௌல் தலையாட்டினார். "வெள்ளிக்கிழமை இதைக் கேட்டனியோ?" என்று அவர் கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன். அவர் கேட்கவில்லை. "வா, போவம்" என்றார்.

ஆஸ்பத்திரியில் உமது கட்டிலருகே நின்று அந்தத் தாளைப் பார்த்து வாசித்தேன். நிமிர்ந்து உம்மைப் பார்த்துக் கேட்கிற துணிவு எனக்கு வரவில்லை.

நீர் முகட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்: "இப்பவோ கேக்கிறீர்?"

பிறகு, "ஓம். இப்பவும்தான்" என்றீர்.

நான் அந்த இரண்டையும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் பௌலுக்குச் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒழுங்காகச் செய்த முதல் மொழிபெயர்ப்பு அதுதான். அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உமக்குப் பக்கத்தில் இருந்தார். பொழுது படும்வரை எழும்பவில்லை.

அதற்குப் பிறகு அந்த மறியலில் சில விசயங்கள் மாறின. பௌல் எழுதிக் கொடுத்து, சண்டை பிடித்து மாற்றியவை. புதிதாக வருபவனுக்கு முதல் நாளே அவன் பாசையில் அந்தக் கேள்வி, எழுதிவைத்த வசனத்தில், அப்படியே வாசிக்கப்பட வேண்டும். பார்க்கப் போகிற நேரம் ஒழுங்கில்லாமல் இருக்க வேண்டும். ஓட்டையால் பார்த்தது மட்டும் பார்த்ததாகாது. உள்ளே போய் ஒரு சொல்லாவது கதைக்க வேண்டும். அப்படி ஆபத்தில் இருப்பவனைத் தனியே போடக்கூடாது. மூடியைக் கிளப்ப முந்திக் கதவைத் தட்ட வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அதைப் பொறுப்பதிகாரி வெட்டிவிட்டார். "இது மறியலோ, விடுதியோ?" என்று மற்றக் காவலாளிகளும் சிரித்தார்கள். ஆனால் பௌல் தட்டினார். மறியல் கதவைத் தட்டிவிட்டுத் திறக்கிற காவலாளியை நான் அவரில்தான் கண்டேன். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் தட்டத் தொடங்கினார்கள்.

உமக்கும் விசா கிடைத்தது. கலியாணம் முடித்தீர், ஓகூஸ் நகரத்தில் ஒரு பண்டகசாலையில் வேலை எடுத்தீர். கொண்டாட்ட மண்டபங்களில் என்னைக் கண்டால் சனத்துக்கு முன்னால், "இவர் என்னை மறியலுக்குள்ள வைச்சு மொழிபெயர்த்த ஆள்" என்று பகிடி விடுவீர். உமது மகள் ஒருமுறை டெனிஷில் கேட்டாள், நீங்கள் இரண்டு பேரும் எப்படிப் பழக்கம் என்று. "பழைய வேலை இடம்" என்று சொன்னீர். அவள் என்னைப் பார்த்தாள். நான் தேத்தண்ணியைப் பார்த்தேன்.

இத்தனை வருடமும் என்னைக் குடைந்தது அந்த ஒரு வசனம்தான். "இப்பவோ கேக்கிறீர்?" எல்லாம் முடிந்த பிறகு கேட்கிறீரே என்று களைப்பில் சொன்னீரா? அல்லது வெள்ளிக்கிழமை நான் கேட்காமல் விட்டது உமக்குத் தெரிந்திருந்ததா? பௌலின் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக வந்தது என் வாயில் நாலு சொல்லாகப் போனதைக் கவனித்திருந்தீரா? நீர் பகிடி விடும்போதெல்லாம் அதற்குள் ஊசி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். நீர் கோழிக்கறி கொஞ்சம் அதிகமாகப் போட்டால்கூட, இவர் ஏன் இன்று இப்படிக் கவனிக்கிறார் என்று யோசித்தேன். சிநேகிதம் என்று பேர், உள்ளே நான் உம்மை விசாரித்துக்கொண்டே இருந்தேன்.

இந்த வருடம் ஓகூஸ் ஆஸ்பத்திரியில், வைத்தியர்கள் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு, உமது மனைவி கோப்பி எடுக்கக் கீழே போன நேரம் பார்த்து நான் சொல்லிவிட்டேன்.

"அண்டைக்கு வெள்ளிக்கிழமை நான் உம்மட்ட அதைக் கேக்கேல்லை. கேட்டனான் எண்டு பொய் சொன்னனான்."

நீர் ஆச்சரியப்படவில்லை. "கேட்டிருந்தாலும் இல்லையெண்டுதான் சொல்லியிருப்பன்" என்றீர். "உம்மை நான் எம்பசி ஆள் எண்டெல்லோ நினைச்சனான்."

எவ்வளவு இலேசாகச் சொன்னீர். அந்த இலேசுதான் எனக்குச் சந்தேகம். உண்மையைச் சொன்னீரா, இல்லை, போகிற நேரத்தில் என் தோளிலிருந்து அதை இறக்கிவைத்தீரா? உம்மை எனக்குத் தெரியும். நீர் இரண்டாவதைச் செய்யக்கூடிய ஆள். இன்றைக்கும் அந்தப் பதிலை நான் நம்பவில்லை. அதை இப்படியே சுமந்துகொண்டுதான் போகப் போகிறேன். எனக்கு அது தகும்.

ஆனால் அன்று இன்னொன்றும் நடந்தது. நீர் வலியில் முகத்தைச் சுளித்தீர். கண்ணை மூடிக்கொண்டீர். நான் தாளில்லாமல், குனியாமல், உமது முகத்துக்கு நேரே கேட்டேன்:

"சாக வேணும் எண்டு யோசிக்கிறீரோ?"

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீர்.

"இல்லையடாப்பா" என்றீர். "இன்னும் கொஞ்சம் இருக்க வேணும் போல கிடக்கு."

அதிலிருந்து ஒன்பதாம் நாள் நீர் போய்விட்டீர். உம்மிடமிருந்து நான் சந்தேகப்படாமல் வாங்கிய ஒரே பதில் அது.