மேல்தெருவின் பட்டை மூன்று விரற்கடை ஆனது குறித்து

அனுப்புநர்:
பெர்மெத், த/பெ சகின்பெக்,
மேல்தெரு, கோக்-காஷாட் கிராமம்,
தலாஸ் பள்ளத்தாக்கு, கிர்கிஸ்தான்.

பெறுநர்:
மாவட்டப் பாசன அலுவலர் அவர்கள்,
மாவட்டப் பாசன அலுவலகம்.

பொருள்: கணினி அட்டவணையில் வரிசைகளை மறைத்ததால் படம் சுருங்கி, மேல்தெருவின் முறைத் தண்ணீரும் சுருங்கியது – படத்தின் அமைப்பை மாற்ற உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் பீன்ஸ் வயலை அம்மாவும் நானும் பார்த்துக்கொள்கிறோம். அப்பா மாஸ்கோவில் கட்டட வேலை செய்கிறார். அவர் போனதிலிருந்து நான் பள்ளிக்குப் போகவில்லை.

2. எங்கள் ஊர்த் தண்ணீர்ச் சங்கம் இந்த ஆண்டு ஒவ்வொரு தெருவின் சாகுபடிப் பரப்பையும் பட்டைப் படமாக வரைந்து, தெருவுக்கு ஒரு தாளாகச் சுவரில் ஒட்டியுள்ளது. மேல்தெரு, கீழ்த்தெரு இரண்டுக்கும் நிலம் ஏறக்குறைய சமம். படத்துக்குக் கீழே எண்கள் அதைச் சரியாகவே சொல்கின்றன. ஆனால் பொடி எழுத்தில் சொல்கின்றன. மடை திறந்து அடைக்கும் நீர்க்கட்டி தொக்தோசுன் அவர்கள் வாய்க்காலில் மண்வெட்டிக் காம்பை இறக்கி, நனைந்த இடத்தை விரலால் அளந்துதான் தண்ணீர் பிரிப்பார். அதில் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. பொடி எழுத்து அவர் கண்ணுக்குப் பிடிபடாததால், அதே கையைப் படத்திலும் வைத்தார். கீழ்த்தெருப் பட்டை ஒரு சாண். எங்களுடையது மூன்று விரற்கடை. அதன்படியே மடையை அடைத்தார். அவர் அளந்தது சரியான அளவு என்பதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

3. கணினி அட்டவணையில் ரஷ்யாவுக்குப் போனவர்களின் பெயர்கள் தாளை அடைத்துக்கொள்வதாகச் சொல்லி, சங்கத் தலைவர் அந்த வரிசைகளை மறைக்கச் சொன்னார். அதிகம் பேர் போனது எங்கள் தெருவிலிருந்துதான். அப்பாவின் வரிசையும் மறைந்தது. படம் அந்த வரிசைகளின் மேல் உட்கார்ந்திருந்ததால் அதுவும் சேர்ந்து மடங்கியது. கீழ்த்தெருவில் நீளப் பெயர்கள் பாதியில் வெட்டுப்பட்டன என்று வரிசைகளை உயர்த்தினார்கள். அங்கே படம் வளர்ந்தது. ஒரு செடிகூட நடாமல் அவர்களுக்குச் சாகுபடி கூடிவிட்டது.

4. அம்மா முறையிட்டதும், படத்தைப் பெரிதாக்கும்படி தலைவர் உடனே உத்தரவிட்டார். அதற்கு நன்றி. எழுத்தர் குல்பார்சின் அக்கா படத்தின் பக்கவாட்டைப் பிடித்து இழுத்தார். பட்டை அகலமானது. தலைவர் முத்திரை வைத்தார். தொக்தோசுன் அவர்கள் பார்த்துவிட்டு, "ஏம்மா, உங்க பட்டை சதை போட்டிருக்கே தவிர வளரலையே? நான் என்ன வாய்க்கால் அகலத்தையா அளக்குறேன், ஆழத்தைத்தானே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். மறுநாள் கீழ்த்தெருக்காரர்கள் அலுவலகத்துக்கு வந்து, "எங்களுதையும் மேல ஒரு விரல் இழுத்து விடு தாயி, உன் கை நோகாது" என்று கேட்டதாக அறிகிறேன்.

5. குல்பார்சின் அக்கா என்னிடம் சொன்னது: "வரிசையோட படமும் சுருங்குற மாதிரி அமைப்பு இருக்குடி. அத மாத்துறதுக்கு ஒரு தட்டுத் தட்டினாப் போதும். ரெண்டு படத்தையும் ஒரே உயரம், ஒரே அளவுகோல்னு வச்சிட்டா வம்பே இல்ல. ஆனா முத்திரை விழுந்த படத்துல நான் கை வைக்க முடியுமா? மேலிடத்து உத்தரவு வேணும்." அறுவடைக்குப் பிந்தைய பொதுக்குழுவில் இதைப் பேசலாம் என்கிறார் தலைவர்.

6. செடிகள் இப்போது பூவில் இருக்கின்றன. தொட்டால் பூ உதிர்கிறது.

ஆகவே, அந்த ஒரு தட்டுக்குத் தாங்கள் உத்தரவிட வேண்டுகிறேன். கோப்பு நகர நாளாகும் என்றால், அதுவரை படத்தின் கீழுள்ள எண்களை யாராவது தொக்தோசுன் அவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டச் செய்ய வேண்டுகிறேன். அவர் நேர்மையானவர். காதால் கேட்டால் அதன்படியே திறப்பார்.

விசாரணைக்கு என்னை அழைத்தால் பலர் முன்னால் எனக்குப் பேச வராது. தயவுசெய்து வயலுக்கு வாருங்கள். அங்கே நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

இந்தப் பயிர் போனால் வயலை விட்டுவிட்டு நாங்களும் மாஸ்கோவுக்குப் போக வேண்டியதுதான் என்கிறார் அம்மா. அதனால் சங்க அலுவலகத்துக்கு எந்தக் கூடுதல் வேலையும் வராது. எங்கள் வரிசையை ஏற்கெனவே மறைத்துவிட்டார்கள்.

இடம்: கோக்-காஷாட்
நாள்: ஜூலை 4, 2024

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) பெர்மெத்