விரித்துப் போடாத துணி

மார்ச் 3, திங்கள்

பனியன் துணி மதியம்தான் வந்து சேர்ந்தது. ரோலைப் பிரித்து ஒரு நாள் விரித்துப் போட்டு, சுருங்குகிற மட்டும் சுருங்கவிட்டுத்தான் வெட்ட வேண்டும். ஒரு நாளுக்கு நான் எங்கே போவேன்? “இப்பவே வெட்டுங்க” என்றேன். “நாளைக்கு வெட்டலாமே மேடம்” என்று இழுத்தார் வெட்டும் மாஸ்டர். நூலளவு பிசகினாலும் டேப்பைத் தூக்கிக்கொண்டு வருகிற மனுஷன். அதனால் எல்லோருக்கும் அவர் ‘மில்லிமீட்டர்’. ஒரு முறை முறைத்தேன். ஐந்து மணிக்குள் முடிந்தது. இந்தப் பிரிவுக்குத் தலைவியாகி மூன்று மாதத்தில் இன்றுதான் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

மார்ச் 5, புதன்

தைத்து வந்த எண்ணூறு பனியனும் குட்டை. பத்து வயதுக்கு வெட்டியது ஆறு வயதுப் பிள்ளைக்குத்தான் ஏறும்.

மேனேஜர் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, “யார் வெட்டினது?” என்றார்.

“நான்தாங்க.” மில்லிமீட்டர் கையைத் தூக்கிவிட்டார்.

நான் என் நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை உண்டா இல்லையா என்று திங்கட்கிழமை சொல்வார்களாம். ஏன் இப்படிச் செய்தார்? என்னைக் காப்பாற்றவா? நான் அவருக்கு என்ன செய்துவிட்டேன்?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “அவரே ஒத்துக்கிட்டார்ல? நீ எதுக்கு வலியப் போய்த் தலையைக் குடுக்கிற? நாளைக்கு அங்க எவன் உன்னை மதிப்பான்?” என்றார்.

நியாயமாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் சாப்பாடு இறங்கவில்லை?

மார்ச் 7, வெள்ளி

அன்றைக்கு அவர் கத்தி மழுங்கியதைப் பற்றித்தான் ஏதோ சொன்னார். துணியைப் பற்றி இல்லை. ஆமாம், கத்திதான்.

மார்ச் 8, சனி

திங்கட்கிழமைப் பக்கத்தைப் புரட்டினேன். என் கையெழுத்தேதான். ‘நாளைக்கு வெட்டலாமே மேடம்.’ பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சீ, நானா இப்படி?

மார்ச் 10, திங்கள்

பேருந்தில் ஒத்திகை பார்த்த வாக்கியமெல்லாம் மேனேஜர் அறை வாசலிலேயே மறந்துபோனது. “சார், அவர் நாளைக்கு வெட்டலாம்னுதான் சொன்னார். நான்தான் கேக்கலை” என்றேன்.

“இதை ஏன் புதன்கிழமையே சொல்லலை?”

“பயந்துட்டேன் சார்.”

நாளை முதல் மாஸ்டர் வருகிறார். இனி மூன்று மாதம் துணி வெட்டுகிற சீட்டில் என் கையெழுத்து மட்டும் போதாது. மாஸ்டரும் போட்டால்தான் வெட்டலாம். செய்தது சரியா? நிம்மதியாகவும் இல்லை, அழுகையும் வரவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

வெட்டுமேசைப் பக்கத்தில் எல்லோர் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். டேப்பைச் சுருட்டிக்கொண்டே தலையாட்டினார்.

“நீங்க ஏன் கையைத் தூக்கினீங்க?”

“யார் வெட்டினதுன்னுதானே கேட்டாரு? வெட்டினது நான்தானே மேடம்?”

அவ்வளவுதான். மனுஷன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார். நான்தான் ஆறு நாளாக அதைத் தியாகம் என்று நினைத்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அந்தக் கேள்விக்கும் சம்பந்தமே இல்லையோ? இருந்தது. எனக்கு மட்டும் தெரிந்த சம்பந்தம்.

மார்ச் 18, செவ்வாய்

நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நிற்பதில்லை இப்போதெல்லாம். மரியாதை போய்விட்டதா, பயம் போய்விட்டதா? யாரிடம் கேட்பது?

மார்ச் 27, வியாழன்

மறுபடியும் ரோல் தாமதம். “இன்னிக்கே வெட்டிடலாமா?” என்று கேட்டுவிட்டேன். பழக்கதோஷம்.

“முடியாது மேடம்.” மில்லிமீட்டர் இந்த முறை இழுக்கவில்லை. மேசையில் எல்லோருக்கும் கேட்டது. எனக்கு முகம் சுட்டது.

இத்தனை மாதமாக என்னிடம் வாயே திறக்காத, துணி விரிக்கிற அக்கா சொன்னார்: “அந்த நீல ரோலையும் இப்பதான் பிரிச்சோம் மேடம். அதுவும் நாளைக்குத்தான்.”

மேனேஜருக்குப் போன் போட்டு, சரக்கு ஒரு நாள் தாமதமாகும் என்றேன்.

“யார் முடிவு பண்ணினது?”

“நான்தான் சார்.”