தலைவலிக்கு அழுத்துகிற இடம்

செவ்வாய், இரவு

காலையிலிருந்து தலைவலி. மகன் கனடாவிலிருந்து அனுப்பிய வீடியோவில் காட்டியபடி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நானே அழுத்திப் பார்த்தேன். குறையவில்லை. மாலையில், பாமன்கடைச் சந்தி மருந்துக்கடையில் மாத்திரை வாங்கலாமென்று லிப்டுக்குப் போனபோது, பக்கத்து வீட்டு பரீனா என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

“அன்ரி, உள்ள வாங்க. கையத் தாங்க.”

அவளும் அதே இடத்தைத்தான் அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் வலி போய்விட்டது.

“இப்ப கொறஞ்சிச்சா?”

“இன்னும் கொஞ்சம் இருக்கு, பிள்ளை.”

ஏன் அப்படிச் சொன்னேனோ. அவர் காலமான பிறகு என் கையை யாரும் இவ்வளவு நேரம் பிடித்திருந்ததில்லை.

குசினியில் கறி அடிப்பிடிக்கிற மணம் வந்தது. எழும்பியிருக்க வேண்டும். நான் எழும்பவில்லை. பரீனா ஓடிப்போய் அடுப்பை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“மத்தக் கையையும் தாங்க, அன்ரி.”

கொடுத்தேன்.