பதினோரு படிகளுக்கு ஒரு கைப்பிடி

அனுப்புநர்:
ம. ஜெகன் (வயது 17),
எண் 23, மூன்றாம் மாடி,
கதம்ப் அரசுக் குடியிருப்பு,
கோல் மார்க்கெட் அருகில், புது தில்லி.

பெறுநர்:
திரு. சங்கரநாராயணன் அவர்கள்,
உதவிப் பொறியாளர், பராமரிப்புப் பிரிவு,
கதம்ப் அரசுக் குடியிருப்பு, புது தில்லி.

பொருள்: படிக்கட்டுக் கைப்பிடி கழற்றிச் செல்லப்பட்டது – திரும்ப வராதது – கால் முறிந்தவர் இறங்க இயலாமை – பிப்ரவரி 20-க்குள் பொருத்தித் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் அளித்த மூன்று புகார்கள். மூன்றும் "வீடு பூட்டியிருந்தது" என்று எழுதி முடித்து வைக்கப்பட்டவை.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் வீட்டு வாசலில் ஒன்பது வாரங்களாக வேலையின்றி நின்றிருந்த எனது இடது கால் செருப்பு (ஹவாய், நீல நிறம்), கடந்த செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு மீண்டும் பணியில் சேர்ந்தது என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்கு மகிழ்ச்சியுடன் கொண்டுவருகிறேன். இத்தனை நாளும் வலது செருப்பு தனியாகவே உழைத்தது. அதற்கு யாரும் நன்றி சொல்லவில்லை.

1. கடந்த நவம்பர் 23 மாலை, பூங்கா மதில்மேல் நின்று பந்தைப் பிடித்தபடி நான் கீழே வந்ததில், இடது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்தது. (பந்து கையைவிட்டு நழுவவில்லை. ஆட்டக்காரர் அவுட் என்று நடுவர் ஒப்புக்கொண்டுள்ளார்.) ஆறு வாரம் மாவுக்கட்டு. இப்போது ஊன்றுகோல். கால் முக்கால் பங்கு குணமாகிவிட்டது. மீதிக் கால் பங்கு தங்கள் கையில் இருப்பதால் இம்மனு.

2. எங்கள் படிக்கட்டில் இரண்டாம் மாடியிலிருந்து கீழே இறங்கும் முதல் பதினோரு படிகளுக்குக் கைப்பிடி கிடையாது. தீபாவளிக்கு முன் வர்ணம் பூசித் தருவதாகத் தங்கள் பணியாளர்கள் கழற்றிச் சென்றார்கள். இப்போது பொங்கலும் போய்விட்டது. அது நின்ற குழிகளில் யாரோ பான் துப்பியிருக்கிறார்கள். ஒரு பக்கம் சுவர். தொட்டால் சுண்ணாம்பு கையோடு வரும். மறுபக்கம் வெறும் காற்று.

3. நடைப்பயிற்சி தரும் வைஷ்ணவி அக்கா கண்டிப்பானவர். "ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது அடிபட்ட கால் முதல்ல. ஒரு கைல ஊன்றுகோல், ஒரு கைல கைப்பிடி. ரெண்டுல ஒண்ணு இல்லேன்னா படிப் பக்கமே போகாதே" என்று கூறியுள்ளார். ஆகவே வாரம் மூன்று நாள் அவரிடம் பயிற்சிக்குப் போக என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஒருபுறம் அப்பாவும் மறுபுறம் காவலாளியும் தூக்கிச் செல்கிறார்கள். ராஜா போல இருக்கும் என்று முதலில் நினைத்தேன். இரண்டாம் மாடி வந்ததும் அப்பா மூச்சு வாங்குவது என் காதருகே கேட்கும். அதற்குப் பிறகு எனக்கு நகைச்சுவை எதுவும் தோன்றுவதில்லை. இந்த மாதம் அப்பா இடுப்பில் பெல்ட் கட்டத் தொடங்கியிருக்கிறார். குளிருக்காக என்கிறார்.

4. புகார்கள் முடித்து வைக்கப்பட்ட முறை பின்வருமாறு. தங்கள் பணியாளர் வந்தால் புகார் கொடுத்தவர் கீழே போய்ச் சீட்டில் கையெழுத்திட வேண்டும் என்பது வழக்கம். பகலில் வீட்டில் நான் மட்டுமே. மூன்று முறையும் அவர் கீழே நின்று, "தேயீஸ் நம்பர், நீச்சே ஆவோ" (இருபத்து மூன்றாம் எண், கீழே வா) என்று அழைத்தார். நான் பால்கனியிலிருந்து, கால் முறிந்திருப்பதால் தயவுசெய்து மேலே வருமாறு இந்தியில் மிக மரியாதையாகக் கேட்டுக்கொண்டேன். அதற்கு அவர், தமக்கு முழங்கால் வலி என்றும், கைப்பிடி இல்லாத படியில் எப்படி ஏறுவது என்றும் திருப்பிக் கேட்டார். அவர் பேச்சில் நியாயம் இருந்தது. பிறகு அவர் "வீடு பூட்டியிருந்தது" என்று எழுதிக்கொண்டு போனார். பூட்டியிருந்த வீட்டின் பால்கனியிலிருந்து நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

5. தொலைபேசியிலும் முயன்றேன். வீட்டு எண்ணைச் சொன்னதுமே தங்கள் எழுத்தர், "அச்சா, மகர்மச் வாலா" என்று சிரித்து, போனை வைத்துவிடுகிறார். முதலைக்காரன் என்று பொருள். எனது பதினான்காம் வயதில், தண்ணீர்த் தொட்டியில் முதலை இருப்பதாகத் தங்கள் பதிவேட்டில் நான் எழுதியது உண்மை. அதற்காக வருந்துகிறேன். அதேசமயம், அதைப் பார்க்க வந்தவர்கள் நான்கு ஆண்டுகளுக்குப் பின் முதல் முறையாக அந்தத் தொட்டியைக் கழுவினார்கள் என்பதையும் பணிவுடன் நினைவூட்டுகிறேன். இந்த முறை முதலை இல்லை. கைப்பிடியும் இல்லை. தாங்களே வந்து பார்க்கலாம்.

6. இம்மனுவைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதினால் எழுத்தர் படித்துவிடுகிறார்; படித்ததும் மடித்துவிடுகிறார். தமிழ் என்றால் அவருக்குப் படிக்க வராது. ஏதோ முக்கியமான கடிதம் என்று தங்கள் மேசைக்கு அனுப்பியே ஆக வேண்டும். தாங்கள் தமிழர் என்பது, இம்மாதப் பொங்கல் விழாவில் "கொஞ்சம் முந்திரி விழறாப்ல போடுங்கம்மா" என்று இரண்டாம் முறை தட்டை நீட்டியபோது தெரிந்தது. பரிமாறியவர் என் அம்மா, அம்பிகா. நான் தில்லியில் பிறந்தவன். என் தமிழைத் திருத்தித் தந்தவரும் அவரே. முதல் பத்தியைப் படித்துவிட்டு, "என்னலே இது, மனுவா, கல்யாணப் பத்திரிகையா?" என்று கேட்டார். இருந்தாலும் செருப்பை எடுக்கச் சொல்லவில்லை.

7. பிப்ரவரி 20 அன்று எனக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு தொடங்குகிறது. தேர்வுக்கு நான் நாற்காலியில் போகப் போவதில்லை. இது முடிவான முடிவு. செருப்பு பணியில் சேர்ந்த அன்று மாலையே நான் தனியாக மூன்று மாடியும் இறங்கி, அலுவலகத்திலிருந்து வந்த அப்பாவைக் கீழே நின்று வரவேற்றேன் என்பதைப் பெருமையுடன் பதிவு செய்கிறேன். அப்பா இதை மறுநாள் தம் அலுவலகம் முழுவதும் சொல்லியிருக்கிறார். அதோடு, "என் பையன் இனிமே அவனே இறங்கிக்கிடுவான்" என்று கூறி, தேர்வு வாரத்தில் போபாலுக்கு அலுவலகப் பயணம் போகவும் ஒப்புக்கொண்டுவிட்டார். ஆகவே தாங்கள் எங்கள் படிக்கட்டை நேரில் பார்வையிட்டு, தேர்வுக்கு முன் கைப்பிடியைப் பொருத்தித் தர வேண்டுகிறேன். வர்ணம் பூசியிருக்க வேண்டும் என்பதில்லை. துரு எனக்குச் சம்மதம்.

8. இதுவரை எழுதியதைத் திருத்திவிட்டு அம்மா வேலைக்குச் சென்றுவிட்டார். இந்தப் பத்தியை அவர் பார்க்கவில்லை, பிழைகளைப் பொறுத்துக்கொள்ளவும். செவ்வாய்க்கிழமை நான் இறங்கியது உண்மை. நடந்து இறங்கினேன் என்பது உண்மை இல்லை. கைப்பிடி முடிந்த இடத்தில் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பதினோரு படிகளையும் உட்கார்ந்தபடியே, ஒவ்வொன்றாக, பின்புறத்தால் கடந்தேன். நான்காவது படியில் கொஞ்ச நேரம் அழுதேன். கீழேயும் நிற்கவில்லை, கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டபிறகுதான் எழுந்தேன். "எலேய், நடந்தா வந்தே?" என்று கேட்டார். அவர் முகம் இருந்த இருப்பில் எனக்கு "ஆமாப்பா" என்றுதான் சொல்ல வந்தது. களைப்பு என்று சொல்லி மேலே நாற்காலியில்தான் போனேன். கைப்பிடி வந்துவிட்டால், இருபதாம் தேதிக்குள் பழகி அந்த "ஆமாப்பா"வை உண்மையாக்கிவிடுவேன். அதுவரை தாங்கள் இதை அப்பாவிடம் சொல்லாதிருக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: புது தில்லி
நாள்: 29.01.2026

மூன்றாம் மாடியிலிருந்து வணக்கத்துடன்,
ம. ஜெகன்